மடித்து ஒட்டிய பச்சை வயர்

தம்பி,

பன்னிரண்டாம் வகுப்பில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். திருச்சுழிப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் சுரமானியை மேசைமேல் வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நீளமான மரப்பெட்டி, அதன்மேல் ஒரே ஒரு கம்பி, கம்பியின் நுனியில் தொங்கும் எடைகள். எடை கூடினால் கம்பி இறுகும், கம்பி இறுகினால் சுருதி ஏறும், அவ்வளவுதான் பாடம். அரைக் கிலோ மாட்டி மீட்டிக் காட்டினேன். கம்பியை விரலால் அடக்கிவிட்டு, இன்னொரு அரைக் கிலோ மாட்டி மறுபடி மீட்டினேன். நீ மூன்றாவது பெஞ்சிலிருந்து எழுந்தாய். பள்ளியில் என்னை அம்மா என்றல்ல, டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது நமக்குள் ஒப்பந்தம். "டீச்சர், எதுக்கு அதை அடக்குறீங்க? அது பாடிக்கிட்டு இருக்கும்போதே எடையைக் கூட்டுனா என்ன ஆகும்?" என்றாய். மணி அடிக்க நாலு நிமிஷம் இருந்தது. "அது பாடத்துல இல்லப்பா, உக்காரு" என்றேன். நீ உட்கார்ந்துவிட்டாய். கேள்வி உட்காரவில்லை என்பது எனக்கு ஐந்து வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

நாளைக் காலையில் அருப்புக்கோட்டையிலிருந்து லாரிப் பார்சலில் உன் பெடல் ஸ்டீல் கிட்டாரைப் புனாவுக்கு அனுப்புகிறேன். கேட்காமல் அனுப்புவதற்கு மன்னித்துக்கொள். போன ஞாயிற்றுக்கிழமை போனில் புதுவீட்டைப் பற்றிச் சொன்னபோது, "ஒரு ரூம்பு சும்மாதாம்மா கெடக்கு" என்றாய். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். அப்பாவிடம் சொன்னேன். அவுக பருத்திக்கு மருந்தடித்துவிட்டு அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாக. "அதை லாரியில ஏத்துறதுக்கு அவனை பஸ்ஸுல ஏறி வரச் சொல்ல வேண்டியதுதான. கட்டணமும் கம்மி, ஒடையவும் செய்யாது" என்றாக. சிரித்துக்கொண்டுதான் சொன்னாக. ஆனால் துண்டால் முகத்தைத் துடைத்தவுக வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தாக.

இந்தக் கடிதம் பெட்டிக்குள்ளேயே இருக்கும், கிட்டாரின் கால்களைச் சுற்றியிருக்கும் பழைய சேலைக்கு மேலே. முதலில் இதைப் படி. பிறகு கிட்டாரைப் பூட்டு. நீ கட்டியதை உனக்கே விளக்குகிறேன் என்று சிரிக்காதே. நீ அதைத் தொட்டு நாலு வருஷமாகிறது. அதோடு, எதையும் விளக்காமல் எனக்குப் பேசத் தெரியாது. இருபத்தெட்டு வருஷப் பழக்கம் பென்ஷன் வாங்கினாலும் போவதில்லை.

படிப்பு முடிந்து வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாய். யாரோ ஒருவர் மேசை மாதிரி ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் பத்துக் கம்பிகள். இடது கையில் ஒரு உருண்டை இரும்பை வைத்துக் கம்பிகளின்மேல் வழுக்கினார், வலது கையால் மீட்டினார். கீழே மேசைக்கால்களுக்கு நடுவில் மூன்று மிதிகள். அவர் மிதிக்க மிதிக்க, பாடிக்கொண்டிருந்த கம்பியே அடங்காமல் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு ஏறியது. மாட்டை ஓட்டிக்கொண்டு தூரத்தில் போகிறவர் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் இருந்தது எனக்கு. நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "அன்னிக்கு நான் கேட்டதுக்கு இதுதாம்மா பதில்" என்றாய். எனக்கு நீ என்ன கேட்டாய் என்பதே நினைவில்லை. நீதான் நினைவுபடுத்தினாய்.

வாங்க வழியில்லாததால் கட்டுவது என்று முடிவு செய்தாய். விசைத்தறிக்கு உதிரிபாகம் கடையும் சுப்பையா அண்ணனின் லேத் பட்டறைக்கு நாம் இரண்டு பேரும் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? உன் வரைபடத்தை அவர் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "எந்தத் தறிக்கு மாப்ளே இது?" என்றார். "தறி இல்ல மாமா, கிட்டாரு" என்றாய். "கிட்டாருக்கு எதுக்குய்யா மிதி? சைக்கிளா ஓட்டப்போற?" என்றார். பட்டறையே சிரித்தது. நீ கோபிக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கைத்தறிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய், நெய்கிறவர் மிதியை அழுத்தும்போது எந்த நூல் உயர்கிறது, எந்த நூல் இறங்குகிறது என்று காட்டினாய். சுப்பையா அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "அதுல மிதிச்சா நூலு தூக்கும். இதுல மிதிச்சா கம்பி இறுகும். அம்புட்டுதான?" "அம்புட்டுதான் மாமா." "இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன? வெள்ளைக்காரன் கணக்கா எழுதிக் கொண்டாந்திருக்கான்." பெரிய பெரிய படம் போட்டு நான் நடத்திய பாடங்கள் எல்லாம் அன்றைக்கு எனக்குச் சின்னதாகத் தெரிந்தன. எதை விளக்கவும் எதிரில் இருப்பவரின் கைக்குப் பழக்கமான ஒரு பொருளிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை நான் பயிற்சிக் கல்லூரியில் படித்தேன். நீ செய்து காட்டினாய்.

அந்த ஒன்றரை வருஷம் நம் வீட்டில் எனக்குப் பிடித்த காலம். மேல்பலகைக்கு வாகை மரம் அறுத்தோம். மிதியிலிருந்து மேலே போகும் கம்பி, அது திருப்பும் குறுக்குத்தண்டு, தண்டிலிருந்து வலது கோடிக்கு இழுக்கும் கம்பி, அந்தக் கோடியில் பாடும் கம்பியான ஒவ்வொரு நரம்பையும் பிடித்திருக்கும் இரும்பு விரல் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. கம்பியின் அசைவை மின்சாரமாக்கும் காந்தச் சுருளை மட்டும் வெளியில் செய்ய முடியவில்லை. மோட்டார் காயில் கட்டுகிறவர், "இம்புட்டு மெல்லிசுக் கம்பியை என் கண்ணு பாக்காது டீச்சர்" என்று கைவிரித்துவிட்டார். அதனால் என் தையல் மெஷினில் சுற்றினோம். நான் சக்கரத்தைச் சுற்ற, நீ தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை இரண்டு விரலுக்கு நடுவில் மூச்சுப் பிடித்துக்கொண்டு விட்டாய். நூறு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். நூறு கொட்டை சேர்ந்தால் பத்தாயிரம். எழுபத்தி மூன்றாவது கொட்டையில் ஒருமுறை அறுந்தது. நீ எழுந்து போய் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாய். கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு, "ஒண்ணுலருந்து எண்ணுங்கம்மா" என்றாய். அந்தக் கொட்டைகள் இன்னும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கின்றன. எடுத்துக் கறிக்குப் போடுகிற பொருளும் இல்லை, எறியவும் மனசில்லை.

பிறகு ஆம்ப்ளிஃபையர். பழைய சவுண்டு சர்வீஸ் பெட்டியிலிருந்து பெரிய ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி வந்தாய். இவ்வளவு பெரிது எதற்கு, ஊர்த் திருவிழாவா நடத்தப்போகிறாய் என்று கேட்டேன். சத்தத்துக்காக இல்லை என்றாய். "முழு மூட்டையும் தூக்கத் தெரிஞ்சவன்தாம்மா அரை மூட்டையை முனங்காமத் தூக்குவான்." சக்தி நிறைய இருக்க வேண்டும், கொஞ்சமாகத்தான் செலவழிக்க வேண்டும், அப்போதுதான் ஒலி கிழியாது. வலது காலுக்கடியில் தனியாக ஒரு சத்த மிதி வைத்தாய். மீட்டும்போது அதைப் பாதி அழுத்தி வைத்திருந்து, கம்பியின் ஒலி தேயத் தேயக் காலால் மெல்லக் கூட்ட வேண்டும். தேய்வதும் கூட்டுவதும் சமமாகப் போனால் கேட்கிறவருக்கு ஒலி தீராமல் நிற்பதுபோல் இருக்கும். எனக்கு அந்த மிதியைத்தான் மிகவும் பிடித்தது.

இனி நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன். இதை மூன்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்ல நினைத்து, மூன்று தடவையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன்.

உன் அக்கா கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், வரவேற்பில் நீ வாசிப்பதாக ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நீ வேட்டி மாற்ற மாடிக்குப் போயிருந்தாய். சீரியல் லைட் போட வந்த எலக்ட்ரீசியன் உன் ஆம்ப்ளிஃபையரின் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "டீச்சர், இது மூணு பின்னு. மேடை போர்டுல ரெண்டு ஓட்டைதான் இருக்கு. பிளக்கை வெட்டிட்டு வயரைச் சொருகிரவா? பச்சை சும்மாதான, மடிச்சு ஒட்டிர்றேன்" என்றார். என் ஒரு கையில் பன்னீர்ச் செம்பு, மறு கையில் தாம்பூலத் தட்டு. "எதையாவது செய்ங்கப்பா, சட்டுனு செய்ங்க" என்றேன். அவர் வெட்டினார். இரண்டு வயரையும் ஓட்டைக்குள் சொருகி, விழாமல் இருக்கத் தீக்குச்சியை ஒடித்து அடைத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

நீ வந்து உட்கார்ந்து சுவிட்சைப் போட்டாய். மண்டபம் முழுக்க ஒரே உறுமல். கம்பியைத் தொட்டால் கொஞ்சம் அடங்கியது, கையை எடுத்தால் மறுபடி ஏறியது. நீ குனிந்து அதைத் திருகினாய், இதைத் திருகினாய். பெரிய மாமா முன்வரிசையிலிருந்து, "ஏலே மாப்ளே, கச்சேரியா இல்ல வண்டுக்கூட்டைக் கலைச்சுட்டியா?" என்றார். இன்னொருவர் எழுந்து வந்து, "இஸ்திரி மேசையைப் போட்டு உக்காந்திருக்க, அப்படியே என் வேட்டியையும் ஒரு இழுப்பு இழுத்துக் குடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உன் அக்காகூடச் சிரித்தாள், பாவம், அவள் பயத்தில் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. ஒரு கம்பியை மீட்டி மிதியை அழுத்தினாய். உறுமலுக்குள் ஏதோ ஏறியது. நான் மேடைக்கு வந்து வயரைப் பிடுங்கிச் சுருட்டி ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் செருகினேன். "படிச்ச பிள்ளை செய்யிற வேலையா இது? எடுத்து உள்ள வை" என்றேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். பக்கத்திலேயே மைக் இருந்தது.

மறுநாள் சாமான் ஏற்றும்போது நீ சொன்னது ஒன்றே ஒன்றுதான். "காயில்லதாம்மா தப்பு. எஞ் சுத்து சரியில்ல." அடுத்த மாதம் புனா வேலைக்குப் போய்விட்டாய். பொங்கலுக்கு வருகிறாய், இரண்டு நாள் இருக்கிறாய், அந்த அறைக்கதவை மட்டும் திறப்பதில்லை.

போன புரட்டாசியில் அப்பா பருத்தி மூட்டை அடுக்க அந்த அறையைக் கேட்டாக. நான் உன் சாமான்களை நகர்த்தினேன். ஆம்ப்ளிஃபையரைத் தூக்கியபோது அதன் வயர் அவிழ்ந்து தரையில் விழுந்தது. நுனியில் பிளக் இல்லை. சிவப்பும் கறுப்பும் நீட்டிக்கொண்டிருந்தன. பச்சை வயர் பின்பக்கமாக மடித்துக் கறுப்பு டேப்பால் ஒட்டப்பட்டிருந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தம்பி, இருபத்தெட்டு வருஷம் கரும்பலகையில் மூன்று பின் பிளக் வரைந்து, மேலே இருக்கும் தடித்த பின் ஏன் நீளமாக இருக்கிறது என்று கேட்டு, சொல்லாத பிள்ளைகளை நிற்க வைத்தவள் நான். பச்சை வயர் பூமிக்குப் போகும் வழி. அது இல்லாவிட்டால் போக்கிடம் இல்லாத மின்சாரம் பெட்டிக்குள்ளேயே நின்று உறுமும். நீ கம்பியைத் தொட்டபோது உறுமல் அடங்கியதே, அது உன் உடம்பு வழியாகப் பூமிக்கு வழி தேடியிருக்கிறது. அந்தப் பெட்டியில் வேறு ஒரு சின்னப் பழுது இருந்திருந்தால், அந்த மேடையில் என்ன நடந்திருக்கும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உன் சுற்றில் தப்பில்லை. நூறு கொட்டையும் சரியாகத்தான் எண்ணினோம். தப்பு, அவசரத்தில் தலையாட்டிய டீச்சருடையது. தன் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் சபையின் முகத்தைப் பார்த்த அம்மாவுடையது. இந்த இரண்டில் பெரியது இரண்டாவதுதான்.

அன்றைக்கே பஸ் ஏறி டவுனுக்குப் போய் நல்ல பிளக் வாங்கி வந்து, நானே பச்சையை அதன் இடத்தில் பூட்டினேன். உறுமல் முக்கால்வாசி போய்விட்டது. கால்வாசி நின்றது. பூட்டியதைப் பிரித்துப் பார்த்து மறுபடி பூட்டினேன், போகவில்லை. ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. மூன்றாம் நாள் காலையில் சுவிட்சைப் போட்டேன், சத்தமே இல்லை. ஆம்ப்ளிஃபையர் செத்துப்போனது என்று நினைத்துக் கம்பியைத் தட்டினேன். வீடு முழுக்க மணி அடித்ததுபோல் கேட்டது. அப்போதுதான் புரிந்தது. கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் எர்த் கம்பி இறங்கியிருக்கிறதே, அங்கேயுள்ள கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கம்பியை விட்டு விலகிவிடுகிறது. பச்சை வயரைப் பூட்டினாலும் பிடிக்க மண் இல்லை. இப்போது வாரம் ஒருமுறை ஒரு குடம் ஊற்றுகிறேன். முதல் தடவை பார்த்துவிட்டு அப்பா, "பருத்திக்கே தண்ணியில்ல, இவ இரும்புக்கு ஊத்துறா. மொளைக்குமாடி?" என்றாக. விஷயத்தைச் சொன்னேன். கல்யாண மண்டபத்தில் நடந்ததையும் முழுசாகச் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து குடத்தை அவுகதான் தூக்குறாக. உன் புதுவீட்டிலும் எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒரு நல்ல எலக்ட்ரீசியனை வைத்துப் பார்த்துவிட்டு ஆம்ப்ளிஃபையரைப் போடு. இதில் மட்டும் அவசரப்படாதே.

பூட்டும் முறைக்கு வருகிறேன். நரம்புகள் துருவேறிப் போயிருந்தன, பத்தையும் புதிதாக மாற்றிவிட்டேன். வளைந்திருந்த இழுப்புக் கம்பி ஒன்றைச் சுப்பையா அண்ணன் நிமிர்த்திக் கொடுத்தார். "மாப்ள இன்னும் சைக்கிள் ஓட்டலையா?" என்று கேட்டார். காசு வாங்கவில்லை. மிதியிலிருந்து மேலே போகும் கம்பிகளில் தறி நூல் கட்டியிருக்கிறேன். முதல் மிதிக்குச் சிவப்பு, இரண்டாவதுக்கு மஞ்சள், மூன்றாவதுக்கு ஊதா. மேலேயும் அதே நிறம் இருக்கும், நிறத்தோடு நிறம் மாட்டு. கால்களைப் பூட்டியதும் தரை சமமாக இருக்கிறதா என்று ஒரு தம்ளர் தண்ணீரை மேலே வைத்துப் பார்.

சுருதி சேர்க்கும்போது வரிசை முக்கியம், நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். முதலில் எந்த மிதியையும் தொடாமல் பத்துக் கம்பியையும் சேர்க்க வேண்டும். அதன்பிறகுதான் மிதியை முழுசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கோடியில் இருக்கும் நைலான் மரையைத் திருகி, ஏறிய சுரத்தைச் சேர்க்க வேண்டும். நான் மூன்று வாரம் இதை மாற்றிச் செய்து தவித்தேன். இருக்கிற நிலை சரியில்லாமல் ஏறுகிற நிலையைத் திருத்திக்கொண்டே இருந்தால் இரண்டும் கெடும். உன்னை வளர்க்கும்போதும் நான் இதைத்தான் செய்தேனோ என்று அந்த மூன்று வாரமும் நினைத்தேன். இன்னொன்று, ஒரு மிதியை அழுத்தினால் தொடாத கம்பிகளும் ஒரு மயிரிழை இறங்குகின்றன. வாகைப் பலகைதான் கொஞ்சம் வளைகிறது. அதை முழுசாகச் சரிசெய்ய முடியாது என்று இப்போது தெரியும். ஒரு வீட்டில் ஒருத்தர் இழுபட்டால் மற்றவர்களும் கொஞ்சம் இறங்கத்தான் செய்வார்கள்.

எனக்கு வாசிக்க வரவில்லை. இரும்பை வழுக்கினால் பூனை கத்துகிறது. தினமும் சாயங்காலம் ஒரே ஒரு கம்பியை மீட்டி, ஒரே ஒரு மிதியை அழுத்தி, சத்த மிதியால் அதைத் தேயாமல் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளையிலிருந்து அதுவும் இருக்காது. அறை பருத்திக்குப் போய்விடும். என் வலது காது மந்தமாகிவிட்டது என்பதை உன்னிடம் சொல்லவில்லை. வயசுதான், வைத்தியம் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். மேல்சுரங்கள்தான் முதலில் போகுமாம். அதற்காக அவசரப்பட்டு அனுப்புகிறேன் என்று நினைக்காதே என்று எழுத வந்தேன். ஆனால் இந்தக் கடிதத்தில் பொய் வேண்டாம் என்று பார்க்கிறேன். அதற்காகவும்தான் அனுப்புகிறேன். இடது காதில் எல்லாம் கேட்கிறது. உன் போனை அந்தப் பக்கம்தான் வைத்துக்கொள்கிறேன்.

அந்தக் காதைப் பலகைமேல் வைத்துக் கேட்டுப் பழகிவிட்டேன். கரண்டே வேண்டாம், மரம் வழியாக எல்லாம் வந்துவிடுகிறது. நீயும் எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு ஆம்ப்ளிஃபையரை எடுக்க ஓடாதே. குனிந்து, காதைப் பலகைமேல் வைத்து, ஐந்தாவது கம்பியை மீட்டு. அதை அடக்காதே. அது பாடிக்கொண்டிருக்கும்போதே சிவப்பு நூல் கட்டிய மிதியை மெதுவாக அழுத்து. என்ன ஆகிறது என்று எனக்கு எழுது.